செவுளக்கா

சந்தையில் பதினாலு வருஷம் மீன் வெட்டியவள் அவள். மீன் புதுசா பழசா என்று செவுளைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதனால் "செவுளக்கா" என்ற பேர் ஒட்டிக்கொண்டது. "அவகிட்ட வாயக் கொடுத்தா நம்ம செவுள் பழுத்துடும்" என்பார் தையல்காரப் புருஷன்.

வெட்டிப் போடுவதோடு நிற்கமாட்டாள். ஒருநாள், மீன் வாங்க வந்த கல்லூரி ஆசிரியையிடம் கேட்டாள்: "டீச்சர், இந்தச் சிவப்புச் சீப்பு மீனுக்கு என்ன பண்ணுது?"

"அதுதான் அதோட நுரையீரல் மாதிரி. வாய் வழியாத் தண்ணி போகும், செவுள் வழியா வெளிய வரும். போற வழியில காத்த ரத்தம் பிடிச்சுக்கும், கெட்ட காத்தத் தள்ளிடும். அதனாலதான் இவ்ளோ சிவப்பு."

அன்றிலிருந்து கண்ணில் பட்டதெல்லாம் எப்படி மூச்சு விடுகிறது என்று கேட்க ஆரம்பித்தாள். தவளை தோலாலும் மூச்சு விடும் என்று தெரிந்ததும் ரெண்டு நாள் புருஷனை நச்சரித்தாள். கரப்பானுக்கு விலாவில் ஓட்டைகள் என்றதும், "அடிக்கவே மனசு வரல" என்றாள். ஆனாலும் அடித்தாள்.

தோள்வலி வந்து கத்தியை விட்டதும், மீன் பண்ணையில் தொட்டி கழுவும் வேலை கிடைத்தது. மூணாம் மாசம் ஒரு காலை, நாலாம் தொட்டி மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மேற்பார்வையாளர் ஓடிவந்து மீட்டரை முக்கினார்.

"ஆக்சிஜன் சரியா இருக்கே! காத்து மோட்டாரும் ஓடுது. இன்னொரு மோட்டார் போடுங்கப்பா."

மோட்டார் போட்டும் மீன்கள் இறங்கவில்லை. அவள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, துவண்டு மிதந்த ஒன்றை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கினாள். சிவப்பு இல்லை, காபிப்பொடி நிறம். அழுகிய மீனிலும் அப்படி ஒரு நிறத்தை அவள் பார்த்ததில்லை.

"சார், கோவிச்சுக்காதீங்க. தண்ணியில காத்து இருக்கு. ரத்தம்தான் அத வாங்க மாட்டேங்குது. இங்க பாருங்க."

அவர் பார்த்தார். முகம் மாறியது. "நைட்ரைட்டா இருக்குமோ?" என்று முணுமுணுத்தபடி தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்தார். மருந்து விட்டதும் குழாய்த் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியது. தீனி மிஞ்சி அழுகி, தண்ணீரில் நைட்ரைட் நஞ்சு ஏறியிருந்தது.

தீனியை நிறுத்தினார்கள். பாதித் தண்ணீரை மாற்றினார்கள். உப்பு மூட்டைகளைப் பிரித்து, அவளே கரைத்து ஊற்றினாள். "உப்பு எதுக்கு சார்?" என்று அப்போதும் கேட்டாள்.

"அந்த நஞ்ச செவுள் உள்ள இழுக்காம உப்பு தடுக்கும் அக்கா."

நாற்பது மீன்கள் செத்தன. மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் மறுநாளே அடியில் இறங்கி நீந்தின. அந்த வாரமே மேற்பார்வையாளர் அவளைத் தொட்டி கழுவுவதிலிருந்து எடுத்து, மீன்களைக் கவனிக்கும் வேலையில் போட்டார்.

வீட்டில் சொன்னபோது புருஷன் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "மீட்டருக்கே தெரியாதது உனக்குத் தெரிஞ்சுதா?"

"மீட்டர் தண்ணியப் பாத்துச்சு," என்றாள். "நான் மீனப் பாத்தேன்."