மதிலுக்கு மேலே நீண்ட அத்திக் கிளை

என் சகலை சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதியை நான் இன்னும் சரிபார்த்து முடிக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். பணிமனையில் அவருக்கு ‘ரீல்’ என்றுதான் பெயர். ஒருமுறை மலைப்பாதையில் பிரேக் போன வண்டியை இறக்கினாராம், பயணி ஒருவருக்குக்கூடத் தூக்கம் கலையவில்லையாம். நானோ வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன். முள் அசைந்தால்தான் நம்புவேன். அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டதால் நாங்கள் இருவரும் நடுச்சுவர் ஒன்றைப் பங்கு போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்து வீட்டில் காலம் தள்ளுகிறோம்.

அவர் கதைகளில் தலையாயது அவர் வீட்டுப் பின்தோட்டத்துச் சீமை அத்தியின் கதை. கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு பன்னிரண்டாம் நம்பர் வண்டியை அவர் ஓட்டினார். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்புகிற இடத்தில் ஒரு மஞ்சள் மதில். குளிர்கால மாலை. மதிலுக்குப் பின்னால் இலையெல்லாம் உதிர்ந்த அத்திமரம், ஒரு ஏணி, ஏணியில் நின்று கிளை கழிக்கும் ஒரு பெண். இவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக “ஒண்ணு குடுங்களேன்” என்றாராம். அவள் ஒரு கிளையை மதிலுக்கு மேலே நீட்டினாளாம். அதை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, வாடகை அறை வாசலில் ஒரு வாளி மண்ணில் ஊன்றினாராம். இரண்டு வருடம் கழித்துப் பெண் பார்க்கப் போனால் அதே மதில், அதே பெண்.

அந்தப் பெண்தான் என் மனைவியின் அக்கா. நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒவ்வொரு குப்பியிலும் பெயர், தேதி, மணி எழுதி ஒட்டி ஒட்டி, எதையும் மறக்காத மனுஷி ஆகிவிட்டவர். அவருக்கு ஞாபகம் இல்லையென்றால் அது நடக்கவில்லை என்று அர்த்தம்.

“நான் எந்த டிரைவருக்கும் கிளையும் குடுக்கல, இலையும் குடுக்கல” என்பார் அக்கா. “நாற்றுப்பண்ணையில வாங்கிட்டு வந்து கதை கட்டுறார். அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தா அத்தனையும் புழுன்னு சும்மாவா சொன்னாங்க?”

சாட்சிக்கும் வழியில்லை. பிறந்த வீட்டை விற்று, மரத்தை வெட்டி, மதிலை இடித்துப் பல காலம் ஆகிவிட்டது.

கதை பிடிக்காதே தவிர, மரம் என்றால் அக்காவுக்கு உயிர். கோடையில் அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கை, கால், தண்ணீர்க் குவளை எல்லாம் பச்சையாகத் தெரியும். காற்றில்லாத மத்தியானங்களில் பழங்கள் கழுத்து தளர்ந்து தொங்கும். அடியில் ஒரு சொட்டுத் தேன் எட்டிப் பார்த்தால் பறிக்கலாம். என் மனைவியும் அக்காவும் விரலில் பட்ட பால் அரிக்க அரிக்கப் பறிப்பார்கள். நான் தின்றுவிட்டுத் தூங்குவேன். எனக்கு வந்த நல்ல கனவுகள் பாதி அந்த நாற்காலியில் வந்தவைதான்.

எங்கள் பக்கம் தண்ணீர் உறைவது அத்தி பூத்தாற்போலத்தான். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு இரவு. அந்த ஒரு இரவுக்காகக் குளிர்காலம் முழுக்க மரத்துக்குச் சேவகம் நடக்கும். கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, இடுக்கில் காய்ந்த சருகை அடைத்து, பழைய கம்பளிகளைச் சுற்றி, மழை இறங்காமலிருக்க உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்ப்பார்கள். தொட்டியில் வளர்கிற இரண்டு சின்ன அத்திகள் சமையலறைக்குள் குடி வந்துவிடும். சகலை தன் பங்குக்குத் தினமும் “இன்னிக்கு உறையும், முட்டி சொல்லுது” என்பார். உறையாது. புலி வருது புலி வருது கதைதான்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் முடிகிற நேரம். வெயில் இதமாக அடித்தது, மொட்டுகள் பருத்திருந்தன. அக்கா கம்பளிகளை அவிழ்த்துத் துவைக்க ஊற வைத்துவிட்டார். சாயங்காலம் சகலை நடந்துவிட்டு வந்தார்.

“ஏம்மா, இன்னிக்கு உறையும். எதையாவது எடுத்துச் சுத்து.”

“உங்க முட்டிக்கு வேற வேலை இல்ல” என்றார் அக்கா.

சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். தன் பேச்சின் மதிப்பு தெரிந்தவர் என்பதால் சகலை வற்புறுத்தாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கம்பளி ஊறிய தொட்டியின் மேல் பனிக்கட்டி ஏடு கட்டியிருந்தது. மரம் ஒவ்வொரு மொட்டிலும் வெள்ளை பூசி, வெயிலில் மினுமினுத்தபடி நின்றது. அவ்வளவு அழகாக அதை நான் பார்த்ததே இல்லை. மத்தியானத்துக்குள் மொட்டுகள் கறுத்துவிட்டன.

வசந்தம் வந்தது, இலை வரவில்லை. அக்கா தினமும் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பார். பச்சை இல்லை. கிளையை நறுக்கினால் பால் இல்லை. கடைசியில் நாற்றுப்பண்ணைக்காரர் வந்து மரத்தைச் சுற்றி நடந்தார்.

“மேல எல்லாம் போச்சும்மா. அடியோட வெட்டுங்க, வேர் இருந்தாத் துளிர்க்கும். ஆனா இது ஒட்டா, போத்தா?”

“அப்படின்னா?”

“கிளையை ஒடிச்சு மண்ணுல ஊன்றினா அது போத்து. வேரும் அதே மரம்தான், அதனால அதே பழம் வரும். ஒட்டுன்னா வேர் காட்டு அத்தி. கீழயிருந்து வர்றதுல சக்கையாட்டம் காய்க்கும், வாயில வைக்க முடியாது. எங்க பண்ணையில அப்பா காலத்துல இருந்தே ஒட்டு மட்டும்தான் விக்கிறோம்.”

நாங்கள் எல்லோரும் சகலையைத் திரும்பிப் பார்த்தோம். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஒரு கதையும் ஆரம்பிக்கவில்லை.

“இலையைப் பார்த்துத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“இளங்குருத்து இலை ஏமாத்தும். பழம் சொல்லட்டும்.”

கோடைத் தொடக்கத்தில், வெட்டின அடிமரத்திலிருந்து கட்டை விரல் அளவு ஒரு துளிர் வந்தது. அக்கா காலையும் மாலையும் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். “அன்னிக்கு அவர் பேச்சைக் கேட்டிருந்தா மரம் இருந்திருக்கும்” என்று என் மனைவியிடம் சொல்லி அழுதாராம். சகலையோ தோட்டப் பக்கமே வருவதில்லை. ஒருநாள் காலையில் நடுச்சுவரில் டீ டம்ளரை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சகலை, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு.”

“எதுல?”

“ஆயிரம் தடவை சொல்லிட்டேன். மஞ்சள் மதிலு கண்ணுல நிக்குது, ஏணி நிக்குது. ஆனா அது நடந்ததா, நான் கட்டினதான்னு தெரியல. பண்ணையில வாங்கின மாதிரியும் லேசா ஒரு ஞாபகம் வருது.” டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். “மத்ததெல்லாம் பொய்யாப் போனாப் போகட்டும். இது பொய்யாப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

இத்தனை வருடமாக அவர் மாட்டிக்கொள்ளும் நாளுக்காகக் காத்திருந்தவன் நான். அன்று சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷனுக்காக மனசு வலித்தது.

அடுத்த குளிர்காலத்தில் துளிர் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அக்கா அதைச் சுற்றிச் சருகு நிரப்பி, மேலே சகலையின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் குள்ளமான ஓட்டுநர் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் இருக்கும். தினமும் சாயங்காலம் அக்காவே கேட்பார்:

“முட்டி என்ன சொல்லுது?”

“தெரியலம்மா” என்பார் சகலை. அது பொய்யில்லை. தெரியாது என்றாலும் அக்கா ஓடிப்போய் ஒரு கம்பளியைச் சுற்றிவிட்டு வருவார்.

இந்தக் கோடையில் அது மதில் உயரம் வந்தது. மூன்று காய் விட்டது. மாதக்கணக்கில் கல்லாட்டம் இருந்த காய்களில் ஒன்று ஒருநாள் கழுத்து தளர்ந்து தொங்கியது. அடியில் ஒரு சொட்டு. அக்கா அதைப் பறித்துச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். சகலை வாசற்படிக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அக்கா இரண்டு கட்டை விரலாலும் பழத்தைப் பிட்டு, பாதியை வாயில் போட்டு, கண்ணை மூடினார்.

“என்னக்கா?” என்றேன், பொறுக்க முடியாமல்.

மீதிப் பாதியை என் கையில் வைத்தார். அதே பழம். அதே தேன், அதே நாற்காலி, அதே பச்சை மத்தியானம். முள் அசைந்துவிட்டது.

போத்து என்பதற்குத்தான் இது சாட்சி, யார் நீட்டினார்கள் என்று பழம் சொல்லாது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. நானும் மனுஷன்தானே.

“நெஜமாவே நான் குடுத்தேனா?” அக்கா அவர் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

சகலை திரும்பினார். முகம் நனைந்திருந்தது. “நீதாம்மா குடுத்தே.”

“எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரலையே. ஊர்ல உள்ளவங்க ரத்தமெல்லாம் யாருதுன்னு ஞாபகம் வெச்சிருக்கேன். இது எப்படிப் போச்சு?”

“போனாப் போகட்டும். எனக்கு இருக்குல்ல.”

போன வாரம் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. நேற்று மாலை அக்கா ஏணியைத் தூக்கிவந்து மரத்தடியில் சாத்தினார். சகலையைப் பின்தெருவுக்குப் போய் மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். நான் என் பக்கத்துச் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஏணியில் ஏறி ஒரு கிளையை நறுக்கினார்.

“கேளுங்க.”

“என்ன கேக்கணும்?”

“அன்னிக்குக் கேட்ட மாதிரியே.”

தெருவிலிருந்து குரல் வந்தது: “ஒண்ணு குடுங்களேன்.”

அக்கா கிளையை மதிலுக்கு மேலே நீட்டினார்.

“இந்தாங்க. இந்தத் தடவை நானும் ஞாபகம் வெச்சுக்கறேன்.”