அது அல்ல, அவர்

ஆவடி–பூந்தமல்லி சாலையில், செல்போன் ரிப்பேர் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது எங்கள் வாரப் பத்திரிகை அலுவலகம். பத்திரிகை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். எட்டுப் பக்கத்தில் ஆறரைப் பக்கம் விளம்பரம்: மனை விற்பனை, டியூஷன், போர்வெல், கல்யாணச் சமையல். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்குள் செருகப்பட்டு இலவசமாக வீடு வீடாகப் போகும். பாதிப் பேர் பஜ்ஜி எண்ணெய் ஒற்ற எடுத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் அதற்கும் எடுப்பதில்லை. தட்டச்சு, பக்க வடிவமைப்பு, பிழை திருத்தம் மூன்றுக்கும் நான் ஒருத்திதான். பிழை திருத்துவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மணமக்கள் பெயருக்கு முன்னால் ஒற்றுப்பிழைதான் கண்ணில் படும்.

மீதி ஒன்றரைப் பக்கத்தை நிரப்ப விஷயம் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். செம்பரம்பாக்கம் பக்கம் வயலில் கூலி வேலை செய்த குடும்பம்; அந்த வயல்களில் இப்போது குடோன்கள் நிற்கின்றன. இஸ்திரி போட்ட சட்டையின் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டை என் மேசையில் வைத்தார்.

“ஒரு மேட்டர் எழுதிகினு வந்துகீறேம்மா. ஒரு வார்த்தை கூட்டியும் எழுதல, கொறைச்சும் எழுதல.”

வடக்கே மலைப்பாதையில் பனிப்புயலில் அவருடைய லாரி மாட்டிக்கொண்டது. பட்டப்பகல், ஆனால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. விரல்கள் மரத்து, தூக்கம் அழுத்திக்கொண்டு வந்தபோது பக்கத்து இருக்கையில் யாரோ உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கவில்லை. ஒல்லி உடம்பு, நம்மைவிடக் கொஞ்சம் குள்ளம், முகத்தில் கண்கள் மட்டும்; வேறு கிரகத்திலிருந்து வந்தவர் என்றே எழுதியிருந்தார். பேசவில்லை. ஆனால் வண்டிக்குள் கதகதப்பு வந்தது. ஆட்கள் பனியைத் தோண்டிக்கொண்டு வந்து சேரும்வரை அவர் இவருடனேயே இருந்தார். இவ்வளவுதான் விஷயம். இதை மூன்று வாரத்துக்கு வருகிற மாதிரி மூன்று பகுதியாக எழுதியிருந்தார்.

நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருசமா யார்கிட்டயும் சொல்லல. என் சம்சாரத்துகிட்ட சொன்னேன், சிரிச்சிட்டா. அதோட வாய மூடிகினேன். இப்ப அவளும் இல்ல. யாரோ ஒர்த்தரு, நீ பாத்தது நெசந்தான்னு ஒரு வார்த்தை சொல்ட்டா போதும்மா எனக்கு.”

“போட்டுடலாம் சார்” என்றேன். நம்புகிறேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “செம மேட்டரும்மா, படமும் ஒண்ணு பெரிசா வை” என்று குஷியாகிவிட்டார்.

முதல் பகுதி வெளியான திங்கட்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் அவர் மாடியேறி வந்துவிட்டார். கையில் பேப்பர். கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“இன்னாம்மா இது? நான் அவருன்னு எழுதிக் குட்த்தேன். நீ பூரா அதுன்னு போட்டு வச்சிகீற.”

உண்மைதான். ‘அவர் வந்தார், அவர் உட்கார்ந்தார்’ என்று அவர் எழுதியிருந்ததை எல்லாம் நான் ‘அது வந்தது, அது உட்கார்ந்தது’ என்று மாற்றியிருந்தேன். பள்ளியில் படித்த இலக்கணப்படி மனிதர், தேவர், நரகர் மூன்று பேர்தான் உயர்திணை, பாக்கியெல்லாம் அஃறிணை. வேறு கிரகத்திலிருந்து வந்தவருக்கு அதில் எங்கே இடம்? இதையும் அவரிடம் விளக்கினேன். என் திமிர் அப்படி.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “எங்க ஊட்டு நாயையே நான் அவன்னுதாம்மா சொல்வேன். உயிர் போற நேரத்துல கூட வந்து குந்திகினு இருந்தவரப் போயி அது இதுன்னா நல்லாவா கீது?” என்றார்.

அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு மேலே கட்டம் போட்டு வெளியிட்டேன்: ‘சென்ற இதழில் வேற்றுக்கிரகத்தவரைக் குறித்து அது என்று வந்ததை அவர் என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.’

நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். அதுதான் வினையாகிப் போனது. அதுவரை சும்மா இருந்தவர்கள்கூட அந்தக் கட்டத்தைப் படம் பிடித்து அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டார்கள். எங்கள் அலுவலக போன் நிரம்பி வழிந்தது. ‘அண்ணாத்தே, மிலிட்டரி கேன்டீன் சரக்கு சும்மாவா?’ என்று ஒருவர். அம்பத்தூரிலிருந்து ஒரு ஐ.டி. தம்பி ஆக்சிஜன் குறைந்தால் மூளை என்னென்ன காட்டும் என்று ஒன்பது நிமிடம் குரல்பதிவு அனுப்பியிருந்தார். வந்தது வேறு யாருமில்லை, அம்மன்தான், உடனே பொங்கல் வைக்கச் சொல்லுங்கள் என்றார் திருவேற்காட்டு அம்மா ஒருவர். எங்களிடம் வாராவாரம் விளம்பரம் கொடுக்கும் மனை வியாபாரி, ‘அவருக்கு நம்ம லேஅவுட்டுல ஒரு பிளாட் வேணுமான்னு கேளுங்க’ என்று எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மட்டும் கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், என் இலக்கணம்தான் சரி, ஏன் மன்னிப்புக் கேட்டாய் என்று கோபித்துக்கொண்டார்.

நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், கேன்டீன் சரக்குக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் மறுபடி வந்தார். இந்த முறை சட்டை கசங்கியிருந்தது.

“மூணாவது போடாதம்மா” என்றார்.

“ஏன் சார்?”

“டீக்கடைல போயி குந்தினா, பக்கத்துல ஒரு காலி சேரை இஸ்து வச்சி, ‘அவருக்கும் ஒரு டீ போடு மாமே’ன்றானுங்க. கண்ணாடி கிளாஸ்ல டீ ஊத்தி அந்த சேர் மேல வச்சானுங்க. எனக்குக் கோவம் வர்லம்மா. அவரப் போயி இப்படி கிண்டலுக்கு ஆளாக்கிட்டமேன்னு இருந்திச்சி.”

நோட்டை வாங்கிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாகப் படியிறங்கிப் போனார். அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அந்தக் கட்டத்தைப் போடாமல் இருந்திருக்கலாம், அதற்கும் முன்னால் அவர் எழுதியதை எழுதியபடி விட்டிருக்கலாம் என்றே மனசு அடித்துக்கொண்டது. மூன்றாம் பகுதி இருந்த இடத்தில் கல்யாணச் சமையல் விளம்பரத்தைப் பெரிதாக்கிப் போட்டேன்.

அந்த இதழ் போன மறுநாள் ஒரு பெண் போன் செய்தார். நசரத்பேட்டையில் குடியிருக்கிறார், ஒரு குடோனில் பில் போடுகிற வேலை, சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். “மிலிட்டரிக்காரர் எழுதினது இந்த வாரம் வரலையே” என்றார். இன்னொரு கிண்டல் என்று நினைத்து வெடுக்கென்று, “இனிமே வராதும்மா” என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். அவருடைய கணவரும் ராணுவம்தான். பனிச்சரிவில் போய்விட்டார். மூன்று நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது.

“அந்த மாதிரி இடத்துல தனியா மாட்டிக்கிற எல்லார்கிட்டயும் அவர் வருவாரான்னு சார்கிட்ட கேக்கணும். வேற ஒண்ணும் இல்லக்கா.”

அவர் என்றுதான் சொன்னார். யாரும் திருத்திக் கொடுக்கவில்லை.

தனக்கு வார விடுமுறையான செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்கு வருவதாகச் சொன்னார். நான் மிலிட்டரிக்காரரின் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். மறுக்காமல் ஒப்புக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அவர் முதலில் வந்து சேர்ந்தார். அந்தப் பெண் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் கேட்கப்போகிற கேள்வி எங்கள் இருவருக்கும் தெரியும்.

“ஆமான்னு சொல்லிடுங்க சார்” என்றேன். “பாவம், அது நிம்மதியா போகும். உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “ஒரு பொய் சேர்த்துச் சொல்லுன்றியா?”

“பொய்ன்னு இல்ல சார்...”

“ஏற்கெனவே சொன்னதும் பொய்தான, கூட ஒண்ணு சேர்ந்தா இன்னான்ற. அப்ப நீயும் நம்பலல்லம்மா?”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுத்து எழுத்தாக அவர் நோட்டைத் தட்டச்சு செய்தவள் நான். நம்புவாளா என்று அவர் முதன்முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். கூனிக் குறுகிப் போய், டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்துகொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேப்பரின் இரண்டு இதழ்களையும் மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். உட்கார்ந்ததும் சுற்றி வளைக்கவில்லை. போனில் என்னிடம் கேட்டதை அப்படியே கேட்டார்.

“எங்க வீட்டுக்காரர்கிட்டயும் அவர் வந்திருப்பாரா சார்?”

மிலிட்டரிக்காரர் ஒரு முறை என் பக்கம் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்று இப்போதும் நினைத்தேன்.

“தெரியாதும்மா” என்றார். “என்கிட்ட வந்தாரு. அது தெரியும். உன் ஊட்டுக்காரர்கிட்ட வந்தாரா, வர்லியா, எனக்குத் தெரியாது. வந்திருக்கணும்னு நான் கும்பிடறேன். ஆனா தெரியாதும்மா.”

அந்தப் பெண் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன். மிலிட்டரிக்காரர் இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். தப்புச் செய்தவர் மாதிரி இருந்தது அவரைப் பார்க்க.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண் பேசினார்.

“நொடியில போயிட்டாரும்மா, ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னாங்க ஒருத்தர். தூங்குற மாதிரியே இருந்தாருன்னாங்க இன்னொருத்தர். வீட்டுக்கு வந்த எல்லாருமே பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி சொன்னாங்க சார். நான் மண்டைய ஆட்டிக்கிட்டே இருந்தேன். தெரியாதுன்னு என்கிட்ட சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எனக்காகக்கூட ஒரு பொய் சொல்ல வரல உங்களுக்கு. அப்படின்னா நீங்க பார்த்தேன்னு எழுதினது நிஜம்தான் சார்.”

மிலிட்டரிக்காரர் தலையை நிமிர்த்தினார். உதடு கோணிக்கொண்டு வந்தது. சின்னப் பையன் வீட்டுப் பெரியவர்களிடம் முறையிடுவதுபோல என் பக்கம் திரும்பினார்.

“கேட்டியாம்மா?” என்றார்.

“கேட்டேன் சார்” என்றேன்.