ராமப்பன் நகர்த்தாத சாமி

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் ராமப்பன் எந்தக் காருக்குள்ளும் ஏறுவார். ஏறியதும் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, ஏசி காற்று வரும் துவாரத்தின் முன் புறங்கையை நீட்டுவார். உள்ளங்கையை அவர் நம்புவதில்லை. இத்தனை வருடம் ஒயர் பற்றவைக்கும் சூட்டுக்கோல் வேலையில் அது மரத்துப்போய்விட்டது. ஸ்கேனரை மாட்டிக் கோளாறு எண்ணைப் படிப்பதெல்லாம் அப்புறம்தான்.

குருபரப்பள்ளியில், நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டோரம் அவருடைய கார் ஏசி பட்டறை. தகரக் கூரை, முன்னால் ஒரு புங்க மரம். பெங்களூர் வண்டி வந்தால் கன்னடம், வீட்டிலிருந்து போன் வந்தால் தெலுங்கு, எங்களைப் போன்றவர்களிடம் தமிழ். வண்டியோடு பேசுவது மட்டும் எப்போதும் தெலுங்கில். கழலாத திருகாணியிடம் ‘ரா தல்லி’ என்று, பிள்ளையை வாம்மா என்று அழைப்பதுபோல் கெஞ்சுவார்.

ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை அழித்துவிட்டு வண்டியை அனுப்பிவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. “அழிக்கறதுக்கு ஒரு நிமிசம் ஆவாதுங்க. வண்டி வாய மூடிக்கும். நோவு எங்க போவும்?”

என் தங்கை சௌமியாவின் காரை நான் அவரிடம் கொண்டுபோனது மார்ச் வெயிலில். உச்சிவேளையில் அதன் ஏசி குளிராது. அம்மாவை பர்கூரிலிருந்து ஓசூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எங்களுக்கு அந்த ஒரு வண்டிதான். வேறு இடங்களில் எண்ணை அழித்துக் கொடுத்தார்கள். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் அது திரும்ப வந்துவிடும். வெயிலை அளக்கும் சென்சாரில் கோளாறு என்றது அந்த எண். வெளியே எவ்வளவு வெயில் என்று அது சொன்னால்தான் ஏசி குளிரைக் கூட்டும்.

ராமப்பன் ஒயர்களைச் சோதித்தார். ஃபியூஸ் பெட்டியைப் பிரித்தார். இன்னொரு வண்டியின் ஏசி பேனலைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். எண் போகவில்லை. சென்சாரை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடியை ஒட்டி, கறுப்புப் பொத்தான்போல் இருக்க வேண்டியது அது. அந்த இடத்தில் மயிலோடு ஒரு சின்ன முருகன் நின்றிருந்தார். வண்டி எடுத்த அன்று கோயில் வாசலில் பூசை போட்ட கையோடு சௌமியா ஒட்டியது. பொத்தானை ஏதோ மூடி என்று நினைத்துக் கச்சிதமாக அதன்மேலேயே பீடத்தை வைத்திருந்தாள்.

ராமப்பனுக்கு இது முதல் நாளே தெரியும். ஆனால் இன்னொருவர் வைத்த சாமியை அவர் நகர்த்த மாட்டார். ஒட்டின கைதான் எடுக்க வேண்டும் என்பார். பக்கத்துப் பஞ்சர் கடை முனிவேலுக்கு இது தினசரி வேடிக்கை. “அண்ணன் பாதி மெக்கானிக், பாதி பூசாரி. அடுத்த தடவ வண்டிய மேளத்தோட கொண்டாங்கக்கா” என்றார் என்னிடம். ராமப்பன் சிரித்துக்கொண்டார். சாமியைத் தொடாமல் வேறெங்காவது கோளாறு கிடைத்துவிடாதா என்றுதான் அத்தனையும் பிரித்திருக்கிறார்.

சௌமியாவை அவர் பாப்பா என்றுதான் சொல்வார்; ஒவ்வொரு முறையும் பாப்பாவை ஒரு நடை அழைத்துவரச் சொல்வார். ஏசிக்கு கேஸ் நிரப்ப அவளே அங்கு வந்து பழக்கம். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார்.

“பாப்பாவுக்கு இன்னிக்கும் கம்பெனில ஷிப்டுங்களா?”

இல்லை, தை மாதம் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அதுவரை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராமப்பன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். “அப்ப நீங்கதாம்மா எடுக்கணும். கூடப் பொறந்த கையும் ஒட்டின கைதான்” என்றார்.

என்னால் ஆகாது, நீங்களே எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் பட்டறைக்குள் போய் மெல்லிய நைலான் நூல் கொண்டுவந்தார். காரில் ஏறி, பீடத்துக்கு அடியில் அதை நுழைத்து, பக்கத்துச் சீட்டில் இருந்த என்னிடம் ஒரு முனையை நீட்டினார். அவர் இழுக்க, நான் இழுக்க, நூல் பசையை மெல்ல அறுத்துக்கொண்டு போனது. பாதிக்கு மேல் போனதும் பீடம் லேசாக ஆடியது. என் கை நின்றுவிட்டது. ராமப்பன் தன் முனையையும் என் விரலில் சுற்றிவிட்டு இறங்கினார்; கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.