கேம் கடைக்கு ஒரு கோரிக்கைப் பட்டியல்

புதிதாக வரப்போகும் ஒரு கேமின் விலையைப் போன மாதம் என் மகன் செல்போனில் காட்டினான். இதற்கு முன்னால் வந்ததைவிட ஆயிரத்துச் சொச்சம் அதிகம். விலைவாசி ஏறிவிட்டதாம், அதனால் கேம் கம்பெனிக்காரர்களும் ஏற்றிவிட்டார்களாம். இது நியாயமா என்று கேட்டான். நான் வேலை முடிந்து மீஞ்சூரில் ரயிலைவிட்டு இறங்கி நடந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. இதே வழக்கைப் பதினோரு வயதிலேயே ஒருமுறை நடத்தியவள் நான். அந்த அலுப்பு இன்னும் போகவில்லை.

அப்போது புதுவாயலில் குடியிருந்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில், உலைக்குப் பக்கத்தில் வேலை. யூனியன் கமிட்டியிலும் இருந்தார். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே காலம் தள்ளிய குடும்பத்தில், முதலாளிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசிய முதல் ஆள் அவர்தான். அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமையையெல்லாம் பக்கத்து வீடுகளில் செலவழித்துவிட்டு, வீட்டில் அவரைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் முழுக்கச் சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. முதலாளி என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நைனா சாப்பிடும்போதே ஒத்திகை பார்ப்பார். அரிசி ஏறிவிட்டது, கேஸ் ஏறிவிட்டது, பஸ் டிக்கெட் ஏறிவிட்டது. நாங்கள் கூடுதலாக எதையும் கேட்கவில்லை, இருக்கிற இடத்திலேயே இருப்பதற்குத்தான் கேட்கிறோம். இதைத் தம்பி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்கள். எங்களுக்கு விலைவாசி.

நைனாவின் தம்பியான சித்தப்பா, கம்பெனி கம்பெனியாகக் கான்ட்ராக்டில் வேலை பார்த்து, ஒன்றிலும் பெர்மனென்ட் ஆகாமல் ஓய்ந்துபோனவர். கடைசியில் புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு ரூமை வாடகைக்கு எடுத்து கேம் கடை போட்டார். இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி, கையில் பிடித்து ஆட நாலு ஸ்டிக். மணிக்குப் பத்து ரூபாய். பெண்பிள்ளைக்குக் கேம் கடையில் என்ன வேலை என்று அம்மா கேட்டால், சொந்தச் சித்தப்பா கடைதானே என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். கார் ரேஸில் என்னை முந்த அந்தத் தெருவில் ஆளில்லை என்பதையும் அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை, கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த பத்தைச் சித்தப்பா அழித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு, விலைவாசி ஏறிவிட்டது என்றார். எங்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை வீட்டில் தருகிற பத்து ரூபாய் மட்டும் ஏறவே இல்லை.

வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் அழுது பார்த்திருக்கும், இல்லையென்றால் கடைக் கூரைமேல் கல்லை எறிந்துவிட்டு ஓடியிருக்கும். நாங்கள் கம்பெனி ஆட்கள் பெற்ற பிள்ளைகள். கோரிக்கைப் பட்டியல் எழுதினோம். கோடு போட்ட தாளில் ஐந்து கோரிக்கைகள், கீழே ஒன்பது பேரின் கையெழுத்து. ஏற்காவிட்டால் ஸ்டிரைக் என்பது கடைசி வரி. எழுதியது, தலைமை, எல்லாம் நான்தான். சித்தப்பா படித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளிலிருந்து ஒருவரும் கடைப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வாடகை கேட்டு ஆள் வந்துவிடுவான், இதையும் மூடினால் மறுபடி கான்ட்ராக்டரின் வேனில்தான் ஏற வேண்டும் என்று அம்மாவிடம் வந்து புலம்பினார். அண்ணன் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன் என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. என் நைனா, எனக்குத்தானே பேசுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் நைனா வேலையிலிருந்து வந்ததும், பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். முடிந்துவிட்டது என்றால் ஜெயித்துவிட்டது என்று தம்பியும் நானும் குதித்தோம். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் சர்ச்சிலிருந்து வந்ததும் அவர் பாயை விரித்துப் படுக்கப் போனார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தாளை விடுடி என்று அம்மா அதட்டினாள். அவர் எழுந்து, சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தார்.

கடையில் டிவி இரண்டும் அணைந்திருந்தன. நைனா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் சித்தப்பா, எதிரே ஒன்பது பேர். முதலில் நான் பேசினேன். ஓட்டுவது அதே கார், அதே ரோடு, அதே கேம்; ஒரு ஸ்டிக்கில் பிரேக் பட்டன் செத்துப்போய் ஆறு மாதம் ஆகிறது; பழைய சரக்குக்கு எதற்குப் புது விலை? நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். முதலாளியும் அப்படியேதான் சொன்னார், அதே வேலைதானே செய்கிறீர்கள், எதற்குக் கூடுதல் சம்பளம் என்று, என்றார். முதலாளி அளவுக்குப் பேசுகிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தப்பாவின் கணக்கு வேறு. கரண்ட் பில் ஏறிவிட்டது, ஸ்டிக் விலை ஏறிவிட்டது, கடை போட்ட நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் ஏற்றவில்லை. "ண்ணா, நான் இன்னா ஊடு கட்டவா கேக்கறேன்? இருக்கற எடத்துல இருக்கறதுக்கே பதினஞ்சு ஆவுது. நீ கம்பெனில கேக்கறதும் இதானே?"

நைனா எங்கள் கோரிக்கைத் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தார். வெளியே ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை, நைனா, சொல்லு, சொல்லு என்று நச்சரித்தேன்.

"நீ கேக்கறது நியாயந்தான்டா. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுங்க கையில பத்துதானே கீது. இல்லாதவன்கிட்ட நியாயத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?"

பிறகு தீர்ப்புச் சொன்னார். இப்போது பதினொன்று. அடுத்த வருஷம் பன்னிரண்டு. அதற்கடுத்த வருஷம் பதின்மூன்று. இந்த மூன்று வருஷத்துக்கு இரண்டு தரப்பும் வேறு எதையும் கேட்கக் கூடாது. அந்த ஒரு ரூபாயை எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கேட்டு வாங்கித்தருவது அவர் பொறுப்பு. பட்டனைச் சித்தப்பா சரிசெய்ய வேண்டும். இவ்வளவு கச்சிதமான தீர்ப்பை உட்கார்ந்த இடத்திலேயே எப்படிச் சொன்னார் என்று சித்தப்பாவே திகைத்துப்போனார்.

ஒரு பைசா ஏற விடமாட்டேன் என்று எட்டுப் பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் நான். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"நீ எங்கள வித்துட்ட நைனா" என்றேன்.

சித்தப்பா கையை ஓங்கினார். நைனா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. தாளில் தீர்ப்பை எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினார். நான் முடியாது என்றேன். தம்பி என் பெயரையும் சேர்த்துப் போட்டான். பிறகு நைனா எழுந்து வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். வழியில் அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தப்பா சொன்ன சொல் தவறவில்லை. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் கடையை எப்படியோ ஓட்டினார். பதின்மூன்று வருவதற்குள் எல்லார் வீட்டிலும் செல்போன் வந்து, அதில் கேம் சும்மாவே கிடைத்தது. கடையை மூடிவிட்டுக் காக்களூரில் ஒரு பட்டறைக்குக் கான்ட்ராக்டரின் வேனில் போக ஆரம்பித்தார். அன்றைக்கே பதினைந்து ரூபாய் கேட்டு வாங்கியிருந்தால் நாலு காசு சேர்த்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அது எங்களிடம் இல்லாத பதினைந்து என்பதும் கூடவே தோன்றுகிறது. இதில் யார் பக்கம் நியாயம் என்று யோசிக்கவே எனக்கு இப்போது தெம்பில்லை.

நைனா ரிட்டயர் ஆன அன்று, கூட வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். டீ குடித்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகப் பழைய கதையைச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை கையெழுத்துப் போடாவிட்டால் திங்கட்கிழமை கம்பெனியைப் பூட்டிவிடுவோம் என்று முதலாளி தரப்பில் சொல்லிவிட்டார்களாம். கொடுத்த சம்பள உயர்வு, கேட்டதில் பாதிகூட இல்லை. அதையும் மூன்று வருஷத்துக்குத் துண்டு துண்டாக, வேறு எதுவும் கேட்கக் கூடாது என்ற ஷரத்தோடு. நைனா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, கேட்டில் நின்றவர்களிடம் அதைத் தானே படித்துக் காட்டியிருக்கிறார். எங்கள வித்துட்டியே என்று கத்தியிருக்கிறார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றி வீசினானாம். அவர் பதிலே சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாராம்.

நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதெல்லாம் எதுக்கு இப்போ என்று டீ கிளாஸை வாங்கி வைத்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

செருப்படி பட்டு வந்த மறுநாள் காலையில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அதே வார்த்தையை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். யூனியன் கமிட்டி ஆளையே வாயடைக்க வைத்தேன் என்று ஒரு வாரம் தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.