தொட்டிக்குள் கிடந்த குண்டு

"புதன். மத்தியானமே ஸ்கூல் விட்டாச்சு. மண்கூழ்த் தொட்டியில் கண்ணீர்ப்புகைக் குண்டு. சூளைக் கையுறை நனைந்திருந்தது."

ஆறாம் வகுப்பில் நான் எழுதிய நாட்குறிப்பில் அன்றைக்கு முதலில் இருப்பது இவ்வளவுதான். தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. கிழமை மட்டும் மிச்சம்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் அம்மாவுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் பிசிறைச் சீவ வேண்டும். பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். அன்று குடிநீர் கேட்டுச் சாலை மறியல். கூட்டத்தில் அம்மாவின் தம்பியும் இருந்தார். அடுத்த வாரம் அவருக்குத் துபாய் விமானம். வழக்கு என்று ஒன்று விழுந்தால் பயணம் அத்தோடு முடிந்தது. மறியலுக்குப் போகாதே என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார்.

மூன்று மணி வாக்கில் சாலையில் வெடிச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் மாமா உள்ளே ஓடிவந்தார். முகமெல்லாம் நீர், கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"கண்ணு செவந்தவனயெல்லாம் புடிச்சு வண்டில ஏத்துறாங்கக்கா."

அம்மா அவரைத் திட்டவில்லை. ஒரு பொம்மையையும் கத்தியையும் அவர் கையில் திணித்துத் தன் இடத்தில் உட்கார வைத்தார். பிறகு வாசலைப் பார்த்தார். என்னை உலர்த்தும் அடுக்குக்குக் கீழே தள்ளி, நனைத்த துண்டை முகத்தில் சுற்றிவிட்டார்.

"நான் சொல்றவரைக்கும் அவுக்கக்கூடாது."

துண்டுக்குள் இருட்டு. தகரம் உருளும் சத்தம், அப்புறம் இருமல், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாருடைய இருமலும். தொண்டை எரிந்தது. தாங்காமல் துண்டை அவிழ்த்தபோது கொட்டகை முழுக்க வெண்புகை. பொம்மை வார்க்கும் மண்கூழ்த் தொட்டிக்குள் எதையோ அம்மா கட்டையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் இருவர் வந்தார்கள். மூத்தவர் நேரே மாமாவிடம் போனார்.

"கண்ணு ஏண்டா செவந்திருக்குது?"

"இங்க ஒரு குண்டு வந்துச்சுங்க சார்," என்றார் அம்மா. "எல்லாருக்கும்தான் செவந்திருக்குது. பாருங்க."

பட்டறையில் இருந்த ஏழு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பதினான்கு கண்களும் ஒரே நிறம்.

"பொம்மைக்குக் கண்ணு வச்சிட்டிருந்தோம் சார், எங்க கண்ணு போச்சு," என்றார் பக்கத்து மேசை அக்கா. "எங்களயும் வண்டில ஏத்துங்க. நடந்து வூட்டுக்குப் போறது மிச்சம்."

யாரும் சிரிக்கவில்லை. மூத்த போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு பாப்பா. குண்டு எங்க?"

நான் பார்த்ததைச் சொன்னேன். "தொட்டில."

அவர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணிலிருந்தும் தாரையாக வழிந்தது. கைக்குட்டையைத் தேடிக்கொண்டே வெளியேறினார். மாமா கையிலிருந்த பொம்மைக்குக் கழுத்தே இல்லை, அவ்வளவு சீவியிருந்தார்.

அடுத்த வாரம் அவர் விமானம் ஏறினார். பக்கத்து மேசை அக்கா மட்டும் பத்து நாள் மூச்சிரைத்துக் கிடந்தார். அம்மா தினமும் கஷாயம் வைத்துக் கொண்டுபோனார். "அம்மாவுக்கு இரக்க குணம்" என்று அதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

சூளை பிரிப்பது சனிக்கிழமைகளில். சூடான பொம்மையை எடுக்க மட்டுமே அந்தக் கையுறை. மற்ற நாட்களில் ஆணியில் தொங்கும். புதன்கிழமை அது ஏன் நனைந்து தொட்டியருகே கிடந்தது என்று எழுதியவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சென்ற மாதம் அம்மாவிடம் கேட்டேன். "அதான் நோட்டுல எழுதி வச்சிருக்கியே," என்று எழுந்து போய்விட்டார். மாமாவுக்கு நினைவில்லையாம். பக்கத்து மேசை அக்காவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

குண்டு மதிலைத் தாண்டி வந்து விழுந்ததா, வாசல் வழியாக அந்தக் கையுறையில் உள்ளே வந்ததா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.