அஞ்சலை விட்டுவைத்த குரல்

துறையின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தபோது மாணவர்களின் குறும்படங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். மரகதம் மேடம் காலையில் செங்கல்பட்டு வீட்டில் காலமாகிவிட்டார். மாரடைப்பு. முந்தின நாள் மாலைதான், மதிப்பெண் போடுவதில் நான் மகா கஞ்சன் என்று தொலைபேசியில் திட்டியிருந்தார். ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடி முடிந்தது.

படூர்க் கல்லூரியில் பத்தொன்பது ஆண்டுகள் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. அவர் சினிமா வரலாறும் டிஜிட்டல் ஊடகமும் நடத்தினார், நான் ஒளிப்பதிவு. அவரிடம் படித்த உங்களுக்கு அந்த ஒரு கேள்வி மறந்திருக்காது: “இதுல இருக்கிறவங்க இதைப் பார்த்தாங்களா?” பார்க்கவில்லை என்றால் வகுப்பில் திரையிட விடமாட்டார்.

ஒருமுறை ஒரு மாணவர், நாற்காலியில் தூங்கும் எங்கள் வாட்ச்மேனைப் படமெடுத்துக்கொண்டு வந்தார். மேடம் வகுப்பையே வாசலுக்குக் கூட்டிப்போய் அவரிடம் போட்டுக் காட்டினார். “இன்னா தம்பி, நான் தூங்கறது மட்டும்தான் உன் கண்ணுல பட்டுச்சா? காத்தால கேட்டு தொறக்கறது யாரு?” என்றார் வாட்ச்மேன். மாணவர் மறுபடி எடுத்தார். அந்த ஆண்டின் நல்ல படம் அதுதான்.

இதெல்லாம் எனக்குப் படுத்தலாகத் தோன்றும். “இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா யாரு மேடம் படம் எடுக்கிறது?” என்பேன். “எடுக்காமப் போனா என்ன சார் முழுகிடும்?” என்பார்.

கோவளத்தில் மீனவக் குடும்பங்கள் கைப்பேசியில் எடுக்கும் வீடியோக்களைப் பற்றி நாங்கள் இருவரும் மூன்று ஆண்டுகள் ஆய்வு செய்தோம். ஒரு நாள், அந்தக் குடும்பங்களில் ஒருவரான அஞ்சலையக்காவின் கணவர் போன படகு திரும்பவில்லை. கரையில் அக்கா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். நான் கேமராவைத் தூக்கிவிட்டேன். என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த ஆகச் சிறந்த ஷாட் அது, கூசாமல் சொல்கிறேன். மேடம் நிறுத்தச் சொல்லியும் எடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் கையால் லென்ஸை மூடினார்.

மறுநாள் காலை படகு வந்து சேர்ந்தது. எஞ்சின் பழுதாம். பிறகு ஆய்விதழுக்கு அனுப்பிய எங்கள் கட்டுரை முழுக்க அந்த ஷாட்டின் மேல்தான் நின்றது. என் பதவி உயர்வும்தான். வழக்கம்போல் மேடம் அதை அஞ்சலையக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார். “அவரு உசுரோட வந்துட்டாரு. நான் ஒப்பாரி வெச்சது மட்டும் எதுக்கும்மா இருக்கணும்? அழிச்சிடு” என்றார் அக்கா. மேடம் தன் பிரதியை அங்கேயே அழித்தார். கட்டுரையையும் திரும்பப் பெற்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. பிறகு அவரே ஒரு நாள் என் மேசையில் வேர்க்கடலைப் பொட்டலத்தை வைத்து, “உங்ககிட்ட இருந்ததை அழிச்சிட்டீங்களா?” என்றார். “அழிச்சாச்சு” என்றேன். பொய். அவர் நம்பி, கடலையில் பாதியை எனக்குத் தள்ளினார். அன்றிலிருந்து அந்தப் பாதி எனக்குச் செரிக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் மடிக்கணினியோடு கோவளம் போனேன். அஞ்சலையக்கா மீன் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அவர் கணவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிப் போட்டுக் காட்டினேன்.

“இத்தினி வருசமா என்னை உள்ளார அழவெச்சிகினே இருந்தியா சாரே?” என்றார்.

படத்தில் அழுகை மூச்சுக்காக நின்ற இடத்தில் மேடத்தின் குரல் வந்தது. அக்கா ஈரக்கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தார். “அது மேடம்தான? இன்னொரு தபா போடு.”

போட்டேன். இருவரும் அழுதோம்.

“என் மூஞ்சி வாணாம், அழுவையும் வாணாம். அந்தம்மா பேசறத மட்டும் வெச்சிக்கோ” என்றார்.

குரலை மட்டும் வெட்டி எடுத்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். சரி என்று தலையாட்டிய பிறகு, மீதி முழுவதையும் அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன்.

மரகதம் மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது இந்த நான்கு விநாடிதான், அதுவும் கேட்டு வாங்கியது. “போதும் சார், நிறுத்துங்க.” அவர் சொல்லி ஆறு ஆண்டு கழித்து நிறுத்தியிருக்கிறேன்.