மேக்னடிக் சக் பக்கம் வராத கதிரேசன்

அல்லிநகரத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த ஒர்க்‌ஷாப்பில், நூல் மில்களுக்கான ஸ்டீல் பிளேட்டுகளை, சுழலும் கட்டரால் சீவி மில்லிங் செய்து கொடுத்தோம். பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி, கழற்றி, திருப்பி மாட்டுவதிலேயே பாதி ஷிப்ட் போய்விடும். அதனால் மேக்னடிக் சக் வாங்கினோம். பிளேட்டை அதன்மேல் வைத்துச் சாவியைத் திருப்பினால், காந்தம் அடியிலிருந்து பிடித்துக்கொள்ளும். மேல்பக்கமும் நாலு ஓரமும் கட்டருக்குத் தடையில்லாமல் கிடைக்கும்.

எங்கள் மூத்த ஆபரேட்டர் கதிரேசன் என்னைவிட வயதில் பெரியவர். இரண்டு மாத மருத்துவ விடுப்பு முடிந்து வந்தவர், புது சக்கைப் பார்த்ததும் தள்ளி நின்றுகொண்டார்.

"நான் பழைய வைஸ்லயே ஓட்டிக்கிறேன் தம்பி."

ஒரு வாரம் பொறுத்தேன். டெலிவரி நெருங்கியது. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"புதுசா ஒண்ணு கத்துக்க இம்புட்டுப் பயமாண்ணே? முடியலைன்னா சொல்லிருங்க, முதலாளிய வேற ஆளப் பாக்கச் சொல்றேன்."

நேராகச் சக்கிடம் போனார். உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி பிளேட்டை வைத்தார். அடியில் கிடந்த இரும்புத் தூளைத் துடைக்கவில்லை. பிளேட் படியாவிட்டால் காந்தப் பிடி குறையும். கட்டர் பட்டதும் பறக்கும். அவர் ஸ்டார்ட் பட்டனைத் தொடுமுன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"என்னண்ணே பண்றீக?"

மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார்: "நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கு. காந்தத்துகிட்டப் போகக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாக."

"முதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொன்னா வேற ஆளப் பாப்பீகன்னு பயம். இப்ப அதத்தான சொன்னீக."

அன்றைக்கே முதலாளியிடம் பேசி, அவரைத் தனி அறையில், முடிந்த பிளேட்டுகளை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினேன். மெல்லிய பிளேட்டுகள் சக்கில் இருக்கும்வரை நேராக இருந்து, காந்தத்தை விட்டதும் வளைந்துவிடுவதை அங்கே அவர்தான் கண்டுபிடித்தார். அதன்பிறகு, பிளேட்டின் வளைவால் அடியில் இடைவெளி இருக்கும் இடத்தில் மெல்லிய தகடு செருகிய பிறகே காந்தத்தைப் போட்டோம். மில்லிலிருந்து ஒரு பிளேட்கூடத் திரும்பி வரவில்லை.

ஒரு ஆபரேட்டர் ஒரு மெஷினை வேண்டாம் என்றால், தனியாக அழைத்துக் காரணம் கேட்க வேண்டும். நான் அவரை எல்லோர் முன்னாலும் பேசினேன். மன்னிப்பை மட்டும் தனியாகக் கேட்டேன். "விடுங்க தம்பி" என்றார். அவர் விட்டுவிட்டார், எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.